ஆறு வாரக் கதிர்வீச்சு: ஊரிலிருந்து போய் வருவதா, அறை எடுப்பதா, சென்னைக்கே போய்விடுவதா?

வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, வெட்டி எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்ததும், "ஆறு வாரம் ரேடியேஷன் கொடுக்கணும், கூடவே வாரம் ஒரு கீமோ" என்று மருத்துவர் சொல்லிவிடுவார். எங்கே வைத்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் நம்மிடமே விட்டுவிடுவார்கள். வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். சென்னைக்குப் போனால்தான் ஆகும் என்பார் ஒருவர். இங்கேயே மெஷின் இருக்கும்போது அங்கே எதற்கு என்பார் இன்னொருவர். உடன் போய் இருக்கப்போவது யார் என்ற கேள்வி கடைசியில்தான் வரும்.

என் கணவருக்குக் கன்னத்தின் உட்புறம் வந்தது. நாங்கள் கோவில்பட்டிக்காரர்கள். திருநெல்வேலி ஐம்பது, அறுபது கிலோமீட்டர், மதுரை நூறு கிலோமீட்டர், சென்னை ஓர் இரவு ரயில். மூன்று பக்கமும் வழி இருந்ததால் மூன்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இது பெரும்பாலும் மனைவிகளுக்காக எழுதுவது. வாய், தொண்டைப் புற்றுநோய் நம் ஊரில் ஆண்களுக்குத்தான் அதிகம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நாம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் அவர் இருக்கிற தெம்பைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். ஐந்தாவது வாரத்து மனிதரை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

ஏன் என்று புரிய, அந்த ஆறு வாரம் எப்படிப் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு தடவை. அறுவைக்குப் பின் கொடுப்பது பெரும்பாலும் 30 தடவை, மொத்தம் 60 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). அறுவை இல்லாமல் கதிர்வீச்சே முக்கிய சிகிச்சை என்றால் 35 தடவை வரை போகும். முகத்துக்கும் கழுத்துக்கும் வலை போன்ற ஒரு மாஸ்க்கைச் சுடுநீரில் இளக்கி, அவர் முகத்தின் மேலேயே வைத்து அச்செடுப்பார்கள். அதை மாட்டி மேசையோடு பூட்டிவிட்டுத்தான் கரண்ட் வைப்பார்கள் (கதிர்வீச்சை நம் பக்கம் அப்படித்தான் சொல்வது). உள்ளே பத்துப் பதினைந்து நிமிஷம்தான். வெளியே காத்திருப்பதுதான் நேரம்.

முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. "இவ்வளவுதானா? நானே பஸ்ஸில் போய் வந்துவிடுவேன், நீ வீட்டைப் பார்" என்பார். மூன்றாவது வாரம் வாயின் உள்தோல் உரிய ஆரம்பிக்கும். நாக்கில் ருசி போய்விடும். எச்சில் கோந்து மாதிரி கெட்டியாகித் தொண்டையில் நிற்கும், இரவில் தூங்க விடாது. நான்கு, ஐந்தாவது வாரத்தில் தண்ணீர் விழுங்குவதே தண்டனை. பலருக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட வேண்டி வரும். கழுத்துத் தோல் கறுத்து உரியும். அந்த இடத்தில் பிளேடு படக்கூடாது, மஞ்சள், சந்தனம், எண்ணெய் எதையும் நாமாகத் தடவக்கூடாது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒரு நாள்கூட விடாமல் போக வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோயில் இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் நோய்ச் செல்கள் வேகமாகப் பெருகும். நாள் தள்ளிப் போகப் போகப் பலன் குறையும். "ரொம்ப முடியலை, ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம்" என்பது இந்த நோயில் எடுபடாது. ஆகவே மோசமான நாளிலும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

தினமும் போய் வருவது

இதன் கவர்ச்சி எனக்கு நன்றாகவே தெரியும். சொந்தப் படுக்கை, சொந்த அடுப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கெடாது, ஆத்திர அவசரத்துக்கு அத்தை இருக்கிறார். சிறு கடையோ தொழிலோ வைத்திருப்பவர்கள் அரை நாளாவது திறக்கலாம். வாடகை இல்லை. நோயாளிக்கும் தன் வீட்டுத் திண்ணையில் உட்காருவது தனித் தெம்பு.

நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. இவை போகத் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. ஆகவே தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இது நிஜமான வழிதான். ஆனால் பஸ் பயணத்தைக் கணக்கில் எடுங்கள். ஐந்தாவது வாரத்தில், கழுத்துத் தோல் உரிந்த மனிதர், மூக்கில் குழாயோடு, வெயிலிலும் தூசியிலும் பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. சிஸ்பிளாட்டின் கீமோ ஏற்றும் நாளில் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள், பகல் முழுக்க அங்கேயே போய்விடும். அன்று இரவும் மறுநாளும் வாந்தி இருக்கும். மெஷின் கொஞ்சம் மக்கர் செய்தால் வரிசை இரவு வரை நீளும், அப்புறம் ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசலுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் கார் ஏற்பாடு இருந்தால், இதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் முதல் இரண்டு, மூன்று வாரத்துக்கு மட்டும். அதற்குள் அறை பார்த்து வைத்துவிடுங்கள். அவர் படுத்த பிறகு அறை தேடி அலைய உங்களால் முடியாது.

மருத்துவமனைப் பக்கத்தில் அறை

நாங்கள் செய்தது இதுதான், மதுரையில். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தெரியும்.

முதல் விஷயம், லாட்ஜ் வேண்டாம். சமைக்க விடமாட்டார்கள், சமையல்தான் இந்த ஆறு வாரத்தின் பாதி வேலை. டியூப் போட்ட பிறகு இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை கஞ்சி போக வேண்டும். கேழ்வரகோ சத்துமாவோ நன்றாக வேகவைத்து, பால் சேர்த்து, மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவேன். ஒரு சின்னத் திப்பி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கருகே குழாயில் ஒட்டியிருக்கும் அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடையாளம் சரியாக இருந்தால், பெரிய சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடித்துக் கஞ்சியை அதுவாக இறங்க விடுவேன். அழுத்தித் தள்ளினால் குமட்டல் வரும். முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குழாயைக் கழுவ வேண்டும், அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். எவ்வளவு ஊற்றுவது, என்னென்ன சேர்ப்பது என்று அங்கே உணவியல் நிபுணர் எழுதிக் கொடுப்பார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறோம் என்று யோசித்தால், சமையலறை இல்லாத இடம் ஏன் ஆகாது என்பது தெரியும்.

இரண்டாவது, ஒற்றை அறையைவிட ஒன்றுக்கு இரண்டாக இருப்பது நல்லது. சமையலறை தனியாக, கதவு அடைக்கிற மாதிரி இருந்தால் போதும். தாளிக்கிற வாசனை அவருக்குக் குமட்டும். அதைவிட, ஒரு வாய் சோறு விழுங்க முடியாத மனிதர் முன்னால் உட்கார்ந்து நம்மால் சாப்பிட முடியாது. அதனாலேயே பல பெண்கள் சாப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். வரிசையில் பழக்கமான ஓர் அக்கா, வீட்டுக்காரர் தூங்குகிற நேரத்தில் வராண்டாவில் நின்றபடியே தயிர்சாதத்தை விழுங்கிவிட்டு ஓடிவருவார். இந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்நூறு, ஆயிரம் கூடக் கொடுத்தாலும் தகும்.

தரைத்தளம், மேற்கத்திய கழிப்பறை, நிற்காத தண்ணீர், கூப்பிட்டால் வரும் ஆட்டோ. இவ்வளவு இருந்தால் சரி. அழகு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கரண்ட் வைத்ததும் ஊருக்குக் கிளம்பி, ஞாயிறு மாலை திரும்பினோம். முதல் மூன்று வாரம் இது நன்றாக நடந்தது. பிள்ளைகள் அப்பாவைப் பார்த்தார்கள், நான் என் வீட்டில் தூங்கினேன். பிறகு அவருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகள் மதுரைக்கு வந்தார்கள். அதோடு, நூறு கிலோமீட்டர் என்பதால் என் கொழுந்தனார் சனிக்கிழமை வந்து ஓர் இரவு அவருடன் இருந்துவிட்டு, என்னைத் தூங்கவிட்டுப் போக முடிந்தது. சென்னையாக இருந்தால் இது நடந்திருக்காது. இடத்தை ஒப்பிடும்போது மெஷினைப் பற்றியே பேசுகிறோம், உடன் இருப்பவருக்கு மாற்று ஆள் எங்கே கிடைப்பார் என்பதை யாரும் கேட்பதில்லை. நான் அதை முதல் கேள்வியாகவே வைப்பேன்.

அடையாறு

நம் ஊரில் புற்றுநோய் என்றாலே அடையாறுதான் நினைவுக்கு வரும், அதற்குக் காரணம் இருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய மருத்துவமனை அது. மறு வருஷம் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-ல் இறக்கும் வரை அங்கேயேதான் இருந்தார். பணம் இல்லாதவரும் போகலாம் என்ற நம்பிக்கையை அவர்கள் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.க்கும் அப்படி ஒரு பெயர் உண்டு.

சில நோயாளிகளுக்கு யோசிக்கவே வேண்டாம், நேரே அங்கேதான் போக வேண்டும். ஏற்கெனவே கரண்ட் வைத்த இடத்திலேயே நோய் திரும்பியவர்கள், மூக்கின் பின்புறமோ மண்டையோட்டின் அடியிலோ நோய் உள்ளவர்கள், தாடை எலும்பை எடுத்துக் காலெலும்பை வைத்துக் கட்ட வேண்டியவர்கள், பயாப்ஸி முடிவிலேயே சந்தேகம் உள்ளவர்கள். ஒரே கூரைக்குள் அறுவை, கதிர்வீச்சு, கீமோ, பல், பேச்சுப் பயிற்சி என எல்லா மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடம் இவர்களுக்கு வேண்டும்.

மற்றவர்களுக்கு? ஆறு வாரம் என்கிறார்கள், நிஜத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் போகும். பல் மருத்துவரைப் பார்ப்பது, மாஸ்க் அச்சு, திட்ட ஸ்கேன், கதிர்வீச்சு அளவைக் கணக்குப் போடுவது என்று ஆரம்பிக்கவே இரண்டு வாரம் ஓடிவிடும். முடிந்த பிறகும் சில வாரம். அத்தனை நாளும் தெரியாத ஊரில் ஒருத்தியே இருக்க வேண்டும். அடையாறு பக்கம் நோயாளிக்கும் உடன் இருப்பவருக்கும் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கும் அறக்கட்டளைகள் உண்டு. மருத்துவமனையிலேயே சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்கள். வாடகை கொடுக்க முடியாதவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள், இடம் கிடைக்கச் சில நாள் ஆகலாம்.

ரயிலில் புற்றுநோயாளிக்கு சிகிச்சைப் பயணத்துக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் போகும் ஒருவருக்கு முக்கால்வாசித் தள்ளுபடி. மருத்துவமனை கொடுக்கும் சலுகைப் படிவம் வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸோ முத்துநகரோ ஏறினால் காலையில் எழும்பூர். இது தெரியாமல் காசு கொடுத்து ஆம்னி பஸ்ஸில் போகிறவர்கள் நிறையப் பேர்.

சென்னையில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதே என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாம்பரத்திலோ ஆவடியிலோ இருக்கும் வீட்டிலிருந்து அடையாறுக்குத் தினமும் வருவது, ஊரிலிருந்து நெல்லைக்குப் போகிற நேரத்தையே எடுத்துக்கொள்ளும். அதோடு, இரவெல்லாம் சளியைக் காறித் துப்பும் நோயாளியை வைத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டு ஹாலில் படுத்திருப்பது சாதாரணம் இல்லை. அவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் நமக்குள்ளேயே ஓர் ஒடுக்கம் வந்துவிடும், அவரும் இருமலை அடக்கப் பார்ப்பார். மாஸ்க் எடுக்கும் நாட்களுக்கு அந்த வீட்டில் தங்குங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து தனி இடம் நல்லது.

அறுவை அங்கே, கரண்ட் இங்கே

பலரும் யோசிக்காத வழி இது, என் மனதுக்கு ஒப்பானதும் இதுதான். அறுவை ஒரு தடவை, அதில் கைத்திறனும் அனுபவமும் நேரடியாகப் பலனைத் தீர்மானிக்கும். அதற்காக ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் போவது வீண் இல்லை. கதிர்வீச்சு அப்படி இல்லை, தினமும் நடப்பது. நல்ல மெஷினும் சரியான திட்டமும் கவனமான மருத்துவரும் நூறு கிலோமீட்டருக்குள் கிடைத்தால் தூரத்தை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் நடுவில் நாள் நழுவக்கூடாது. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கெட்டுப்போன பல்லைப் பிடுங்க வேண்டுமானால் அந்தப் புண் ஆற மட்டும் இரண்டு வாரம் விட வேண்டும். அதனால் அறுவைக்குப் போகும் முன்பே உள்ளூர் மருத்துவமனையில் பேசி வையுங்கள். வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, நோயியல் அறிக்கை, வெட்டி எடுத்த சதையின் ஸ்லைடும் பிளாக்கும், ஸ்கேன் சி.டி. எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு வாரம் போகும்.

உள்ளூர் இடம் சரியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மெஷின் மின்சாரத்தில் இயங்கும் லினாக்கா, பழைய கோபால்ட்டா என்று கேளுங்கள். இடத்துக்கு இடம் கதிரின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் கொடுப்பார்களா என்று கேளுங்கள், அந்த முறையில் எச்சில் சுரப்பியைக் கொஞ்சமாவது காப்பாற்ற முடியும். எச்சில் இல்லாமல் மிச்ச வாழ்க்கை முழுக்கத் தண்ணீர் பாட்டிலோடு அலையும் கஷ்டம் பெரிது. மெஷின் பழுதானால் என்ன ஏற்பாடு, வாரம் ஒரு தடவை மருத்துவர் பார்ப்பாரா, இரவில் டியூப் கழன்றால் யார் மாட்டிவிடுவார்கள், காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால் எந்த வாசலுக்கு வர வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

வார்டில் சேர்த்துக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். சாப்பாடு இறங்காத கடைசி வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். டியூப், சலைன், வலிக்கு மருந்து எல்லாம் கையோடு கிடைக்கும், அலைச்சல் இல்லை. ஆனால் ஆண்கள் வார்டில் இரவு பெண்களைத் தங்க விடாத இடங்கள் பல உண்டு. தம்பியோ மச்சானோ மகனோ இரவுக்கு வர முடியுமா என்று பார்த்துக்கொண்டுதான் இந்த வழியை எடுக்க வேண்டும்.

பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அனுமதி வர நாள் ஆகும், மருத்துவமனை மாறினால் மறுபடி வாங்க வேண்டும் என்பதை இரண்டு இடத்தில் சிகிச்சை எடுப்பவர்கள் ஞாபகம் வைக்க வேண்டும். பி.எஃப். பிடித்தம் உள்ளவர்கள் குடும்பத்தினரின் நோய்க்காக முன்பணம் எடுக்கலாம்.

காப்பீடு தராதது வாடகை, ஆட்டோ, பால், சத்துப் பொடி, அப்புறம் இரண்டு பேருடைய இரண்டு மாத வருமானம். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய தொகை. தனியார் வேலையில் இருக்கும் மனைவிக்குக் கணவனின் நோய்க்கென்று தனி விடுப்பு எதுவும் சட்டத்தில் இல்லை, இருக்கிற விடுப்பைத்தான் போட வேண்டும். கைவசம் குறைவாக இருந்தால் முதல் மூன்று வாரம் வேலைக்குப் போங்கள். அந்த நாட்களில் அவருடன் போக ஒரு பையனோ நண்பரோ போதும். விடுப்பை நான்காம் வாரத்திலிருந்து எடுங்கள்.

அறையை எடுக்கும்போது கடைசி கரண்ட் வைக்கும் நாளோடு காலி செய்கிறேன் என்று பேசாதீர்கள். சிகிச்சை முடிந்த பிறகும் வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரம் மோசமாகிவிட்டுத்தான் ஆற ஆரம்பிக்கும். முடிந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்ட நேரத்தில்தான் அவர் ஒன்றும் முடியாமல் கிடப்பார். டியூப் இருக்கும், வலி மருந்து இருக்கும், உடல் எடை இறங்கியிருக்கும். கூட இரண்டு வாரம் சேர்த்து வாடகை பேசுங்கள். அந்த இரண்டு வாரத்தில் உப்பும் சமையல் சோடாவும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒவ்வொரு டீஸ்பூன் கலந்து அடிக்கடி வாய் கொப்பளிக்க வையுங்கள். மருத்துவர் சரி என்றதும் வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, சில நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. இதை விட்டவர்களுக்குத் தாடை இறுகி, பின்னாளில் ஒரு இட்லித் துண்டுகூட உள்ளே போகாமல் ஆகிவிடுகிறது. குச்சிப் பயிற்சிக்கு எந்த ஊரும் சரிதான், மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.